காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் பூட்டா?

"அம்மா, பேசாம நானும் திருடியே இருக்கலாம் போல இருக்கு!"

போன கோடை விடுமுறையில் என் 13 வயது மகன் இப்படிச் சொன்னதும், ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன். கண்ணில் தண்ணீர் முட்டச் சொன்னான். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஆடும் கார் பந்தய விளையாட்டு ஒன்றின் மேல் அவனுக்கு ஒரு வருஷமாக ஆசை. "பாதி நீ போடு, பாதி நான் போடறேன்" என்றேன். பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது, பிறந்த நாளுக்குச் சித்தி கொடுத்தது என்று உண்டியலில் சேர்த்தான். பரீட்சை முடிந்ததும் முறைப்படி பணம் கட்டி வாங்கினோம். இரண்டு வாரம் வீட்டில் ஆசை தீர ஆடினான். பிறகு லாப்டாப்பையும் தூக்கிக்கொண்டு என் மாமியாரின் கிராமத்துக்குப் போனோம். அங்கே செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும்! விளையாட்டைத் திறந்தால், 'இண்டர்நெட் இருந்தால்தான் ஆடலாம்' என்று அடம் பிடிக்கிறது. தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு இண்டர்நெட் எதற்காம்?

அதே கூடத்தில் என் நாத்தனார் பிள்ளை அதே விளையாட்டை ஜாம் ஜாமென்று ஆடிக்கொண்டிருந்தான். யாரோ சிநேகிதன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த திருட்டுப் பிரதி. பூட்டை உடைத்துவிட்டார்களாம். அது எதையும் கேட்கவில்லை! பிறகு என் பிள்ளை அப்படிப் புலம்பாமல் என்ன செய்வான்?

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாரிடம் கொட்டித் தீர்த்தேன். "அண்ணி, இது இன்னிக்கு நேத்து வந்த வம்பு இல்லே, நாப்பது வருஷக் கதை" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கண்ணாடி வைத்துப் படித்த காலம்

கம்பெனிக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு பெரிய விளையாட்டைத் தயாரிக்க நூற்றுக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள். அதை ஒரு நிமிஷத்தில் நகல் எடுத்து ஊருக்கே கொடுத்தால் வயிறு எரியத்தானே செய்யும்? அதனால் பூட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

1980களில் விளையாட்டுகள் கேசட்டிலும் ஃப்ளாப்பியிலும் வந்தன. சில விளையாட்டுகள், 'கூட வந்த புத்தகத்தில் இன்ன பக்கம், இன்ன வரியில் என்ன வார்த்தை?' என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும். குழந்தை புத்தகத்தைக் கிழித்துவிட்டால் அவ்வளவுதான்! 1985இல் பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 'எலீட்' என்ற விளையாட்டு வந்தது. அதோடு 'லென்ஸ்லாக்' என்ற பிளாஸ்டிக் கண்ணாடியும் கொடுத்தார்கள். டி.வி. திரையில் கலைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியாகப் பார்த்துப் படித்துத் தட்டவேண்டும். டி.வி. ரொம்பப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் எழுத்து ஒன்று சேராது. போதாக்குறைக்கு, சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டின் கண்ணாடியை வைத்து அனுப்பிவிட்டார்கள். பணம் கொடுத்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று தடவைதான்!

2008இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 'ஸ்போர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வாங்கியவர் அதை 3 தடவைதான் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளலாம் என்று கட்டுப்பாடு. கம்ப்யூட்டர் மாற்றினால் ஒரு தடவை போச்சு. சொந்தக் காசில் வாங்கிய மிக்ஸியை வீடு மாற்றினால் ஓட்டக் கூடாது என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஆயிரக்கணக்கான பேர் அமேசானில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு 3 என்பதை 5 ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தனை பூட்டுப் போட்டும் அதன் திருட்டுப் பிரதி கடைக்கு வருமுன்பே வெளியே வந்துவிட்டது!

2010இல் யூபிசாஃப்ட் கம்பெனி 'அசாசின்ஸ் க்ரீட் 2' விளையாட்டில், ஆடும் நேரம் முழுக்க இண்டர்நெட் இருக்கவேண்டும் என்றது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் கம்பெனியின் சர்வரே படுத்துவிட்டது. பணம் கட்டியவர்கள் மணிக்கணக்கில் ஆட முடியாமல் தவித்தார்கள். 2013இல் 'சிம்சிட்டி' வந்தபோதும் இதே கதை. கூட்டம் தாங்காமல் சர்வர் திணற, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தது. இண்டர்நெட் இல்லாமல் ஆடும் வசதி வர ஒரு வருஷம் ஆனது.

பழைய சி.டி.க்களுக்கும் விமோசனம் இல்லை. 2015இல் வந்த விண்டோஸ் 10, 'சேஃப்டிஸ்க்' என்ற பழைய பூட்டு பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதை ஓடவிடாமல் நிறுத்திவிட்டது. பூட்டு நின்றதும் விளையாட்டும் நின்றது. பத்திரமாக பீரோவில் வைத்திருந்த அசல் சி.டி. வெறும் தட்டாகிவிட்டது!

வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

2014இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடிவிட்டது. தனியாக ஆடுகிறவர்களுக்கும் ஆட்டம் முடிந்தது. இதைப் பார்த்துக் கொதித்த ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர், 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார். அந்தக் கோரிக்கைக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம். பின்னால் பறித்துக்கொள்ளக் கூடிய டிஜிட்டல் சரக்கை, 'இது உரிமம்தான்' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாதாம்.

கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுக்கிறோம். திருப்பித் தரவேண்டும் என்று தெரிந்துதான் எடுக்கிறோம். ஆனால் சொந்த விலை வாங்கிக்கொண்டு வாடகைப் பாத்திரம் கொடுத்தால் அது எந்த ஊர் நியாயம்?

பூட்டில்லாமலும் வியாபாரம் நடக்கிறது. போலந்து நாட்டின் 'விட்சர் 3' (2015) ஜி.ஓ.ஜி. என்ற தளத்தில் எந்தப் பூட்டும் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. எல்லாக் கருவிகளுக்குமான பதிப்புகளைச் சேர்த்து 2023க்குள் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது!

வாங்குமுன் கவனியுங்கள்

* விளையாட்டின் விவரப் பக்கத்தில் 'எப்போதும் இண்டர்நெட் தேவை', 'தனிக் கணக்குத் தேவை' என்று இருக்கிறதா பாருங்கள். பொடி எழுத்தில்தான் இருக்கும்!

* வாங்கிய அன்றே ஒரு தடவை திறந்து ஆடச் சொல்லுங்கள். பிறகு இண்டர்நெட்டை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். ஊருக்குப் போய் முழிக்க வேண்டாம்.

* பணத்தைத் திரும்பப் பெறக் கெடு உண்டு. ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம்.

* ரசீதையும் கணக்கின் ரகசியச் சொல்லையும் பத்திரப்படுத்துங்கள்.

* ஆத்திரத்தில் திருட்டுப் பிரதி பக்கம் போகாதீர்கள். வைரஸும் கூடவே வரலாம். அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பாங்க் கணக்கும் பார்க்கிறோம்!

என் பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரிதான் பதில் சொன்னேன். "கண்ணா, அவன்கிட்ட விளையாட்டு ஓடறது, வாஸ்தவம். ஆனா உன்கிட்ட ரசீது இருக்கு. நியாயம் கேக்கற உரிமை உனக்குத்தான் உண்டு. வா, கேப்போம்." இருவருமாக மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனிக்குப் புகார் எழுதினோம். கெடு முடிந்துவிட்டதால் பணம் திரும்பவில்லை. 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி பதில் வந்தது. என் பிள்ளைக்கு அதில் திருப்தியில்லை, எனக்கும்தான். ஆனாலும் 'திருடியே இருக்கலாம்' என்ற பேச்சு அதன் பிறகு அவன் வாயில் வரவில்லை.

தீபாவளிக்கு அவன் அடுத்த விளையாட்டை வாங்கியபோது, பொடி எழுத்தையெல்லாம் என்னைவிடக் கவனமாகப் படித்தான். பூட்டில்லாததாகப் பார்த்து வாங்கினான். கிராமத்துக் கூடத்தில் இரண்டு பையன்களும் மாற்றி மாற்றி அதை ஆடினார்கள். என் நாத்தனார் பிள்ளையும் இப்போது ஓர் உண்டியல் வைத்திருப்பதாகக் கேள்வி!