பேய் வந்தது, பயம் வரவில்லை!

லண்டன் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் பிறந்த டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ், கப்பல்காரர்களை வைத்து எழுதிய நகைச்சுவைக் கதைகளால் பெயர் வாங்கியவர். இன்று அவர் பெயரைக் காப்பாற்றுவது 1902இல் வெளியான ‘குரங்குப் பாதம்’ என்ற பேய்க்கதைதான். இதைப் பலர் பலவிதமாகப் படமாக்கிவிட்டார்கள். 2013இல் பிரெட் சிம்மன்ஸ் இயக்கிய ‘தி மங்கீஸ் பா’, கதையின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உயிரைக் கோட்டைவிட்ட படம்.

ஜேக்கப்ஸின் கதை எளிமையானது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ராணுவக்காரர் ஒருவர், மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்தைக் கொண்டுவருகிறார். வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார் பெரியவர் ஒயிட். மறுநாள், மகன் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். விஷயத்தைச் சொல்ல வாய் வராமல், குனிந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப்போடுகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனி பொறுப்பேற்காது, ஆனாலும் அவன் உழைப்புக்காக ஒரு தொகை கொடுக்கிறது. சரியாக 200 பவுண்டு!

பெற்ற மனம் கேட்குமா? மகனைத் திரும்பக் கேட்கச் சொல்லிக் கணவரை வற்புறுத்துகிறாள் தாய். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் எட்டாமல் அவள் நாற்காலியை இழுத்துப்போடுகிறாள். சிதைந்த உடலை அடையாளம் காட்டியவர் அப்பா. வந்திருப்பது எந்தக் கோலத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது வரத்தால் தடுத்துவிட வேண்டுமென்று தரையில் தவழ்ந்து பாதத்தைத் தேடுகிறார். இருவருமே அந்தப் பிள்ளையை நேசிப்பவர்கள். கதையின் திகில் அங்கேதான் இருக்கிறது.

சிம்மன்ஸ் படம் அமெரிக்காவின் லூசியானாவில் நடக்கிறது. தொழிலாளி ஜேக் முதல் வரத்தில் கேட்பது ஒரு கார். அதில் போகும்போது விபத்து. உடன் வந்த காப் இறக்கிறான். போலீஸ் பயமும் குற்றவுணர்வுமாக அடுத்த வரத்தில் அவனைப் பிழைக்க வைக்கிறான் ஜேக். எழுந்து வந்த காப், ஆட்களைக் கொன்றுகொண்டு ஜேக்கைத் துரத்துகிறான். ‘அவதார்’ கர்னலாக மிரட்டிய ஸ்டீபன் லாங்தான் காப். அவர் பார்வையே பாதி வேலையைச் செய்கிறது. ஆனால் திரைக்கதையில் அவர் வழக்கமான கொலைகாரன்தான். அடுத்து யார் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஜேக்கப்ஸ் கதவுக்குப் பின்னால் மறைத்துவைத்த பிணத்தை, கதவைத் திறந்து காட்டியதுதான் தவறு என்று சொல்லிவிட முடியாது. இதே கதையின் தாக்கத்தில் பாப் கிளார்க் எடுத்த ‘டெத்ட்ரீம்’ படமும் (1974) கதவைத் திறக்கிறது. வியட்நாம் போரில் இறந்ததாகத் தகவல் வந்த மகன், தாயின் பிரார்த்தனைக்கு இணங்கி வீடு திரும்புகிறான். ரத்தம் தேடி அலைகிறான். தாயோ கடைசிவரை அவனை விட்டுக்கொடுப்பதில்லை. நமக்கு அடிவயிறு கலங்குகிறது.

பிணம் எழுந்து வந்தால் மட்டும் பயம் வந்துவிடாது. அதை ஆசையோடு அழைக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். 2013 படத்தில் காப்பை அப்படி யாரும் அழைக்கவில்லை.