லாப்ரடாரும் வாடகையும்

"சார், மாசம் ஆறாயிரம் நாய்க்கே போகுது. வாடகையும் ஏத்திட்டாங்க. என்ன பண்றதுன்னு தெரியல."

இதைச் சொல்லும்போது பலரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முதலில் டீயைக் குடியுங்கள். வளர்க்க வசதியில்லாமல் போவது குற்றமில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, வீடு காலி செய்யும் அன்று ராத்திரி நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது இறக்கிவிடுவதுதான் குற்றம். சட்டப்படியே குற்றம். அதனால் இரண்டு மாதச் செலவுக்காவது கையில் பணம் இருக்கும்போதே இந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

அந்த ஆறாயிரம் எங்கே போகிறதென்று பில்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் மூட்டைத் தீவனம். அடுத்து குளியல், முடி வெட்டு, பிஸ்கட். பிறகுதான் மருத்துவம். பிராய்லர் கடையில் ஈரல், கழுத்து, கால் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பைப் பிரித்தெடுத்து, சாதம், கேரட் அல்லது பூசணியோடு பிசைந்து வைத்தால் லாப்ரடார் தட்டை நக்கி முடிக்கும். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதைப் போடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் ஆகாது. ஈரலை மட்டுமே தினமும் வைப்பதும் சரியில்லை. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. குட்டிகளுக்கு இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்சியில் பொடித்துச் சேர்த்தால் அந்தக் குறை தீரும். எடைக்கு எவ்வளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டையிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேதியாகும்.

பூனை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சாதத்தில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் பூனைகள், வீட்டாருக்குத் தெரியாமல் எலியும் பல்லியும் தின்று கணக்கைச் சரிசெய்தவைதான்.

மருத்துவச் செலவுக்குத் தனியார் கிளினிக் மட்டுமே வழியில்லை. உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடுகளோடு வரிசையில் நிற்கத் தயங்காதீர்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் தொடங்கியது. காலையில் போய் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், அரை நாள் போய்விடும், கட்டணம் மிகக் குறைவு. ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினம். அதையொட்டி வெறிநாய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கும். குரூமிங்கை நிறுத்தலாம், பொம்மையை நிறுத்தலாம். தடுப்பூசியையும் உண்ணி மருந்தையும் நிறுத்தக் கூடாது. நம் ஊர் வெயிலில் உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டால், மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு ஒரே வாரத்தில் போய்விடும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யாமல் விடுவதும் அப்படித்தான். வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் அவசர அறுவை சிகிச்சைதான் வழி.

இத்தனை செய்தும் முடியவில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று யோசனைகள் தானாகவே வந்து நிற்கும். மூன்றும் ஆகாதவை.

முதலாவது தெரு. தெருநாய்களுக்கு எல்லை உண்டு. புதிதாக வந்ததை விடாமல் கடித்துத் துரத்தும். வீட்டு நாய்க்கு வண்டிகளின் வேகம் தெரியாது, குப்பையில் தேடித் தின்னத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்திலேயே நின்று, அதே நிறக் கார் வரும்போதெல்லாம் ஓடும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி தகுந்த காரணமின்றி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதன் தொடக்கம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 1960-இல் அது பணம். இன்று அதற்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வரும். ஆள் பயப்பட மாட்டான் என்பது உண்மைதான். அதற்காக நாய்க்கு வலி குறையப்போவதில்லை.

இரண்டாவது காப்பகம். சென்னையில் 1959-இலிருந்து இயங்கும் புளூ கிராஸ் உட்பட எந்தக் காப்பகத்தைக் கேட்டாலும் இடப் பற்றாக்குறையைத்தான் முதலில் சொல்வார்கள். அடிபட்டதும் நோயுற்றதும் வந்து சேரும் இடம் அது. சோபாவில் தூங்கிய நாய் அங்கே நூறு குரைப்புகளுக்கு நடுவில் சாப்பிடாமல் கிடக்கும்; பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் அப்படிப்பட்ட இடத்தில் எளிதாகப் பரவும். ராத்திரியில் கேட்டில் கட்டிவிட்டுப் போவது தெருவில் விடுவதற்குச் சமம்தான்.

மூன்றாவது, எல்லாருக்கும் பிடித்தது: "ஊர்ல சித்தப்பா தோட்டம் இருக்கு, அங்க ஜாலியா ஓடும்." தோட்டத்துக்குப் போன வீட்டு நாய் ஓடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கிடக்கும். ஆள் வரும்போது குரைக்க வேண்டும் என்பதுதான் அங்கே அதற்கு வேலை. லாப்ரடாரோ வருகிறவனிடம் வாலாட்டும். பிறகு உண்ணி, பாம்பு, பக்கத்துத் தோட்டக்காரன் பன்றிக்கு வைத்த விஷம். சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டு நாய்களுக்கு அந்த வாழ்க்கை பொருந்தலாம். சித்தப்பாவே நாயோடு பழகுகிறவர், கட்டிப்போட மாட்டார் என்று உங்களுக்குத் தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள். தோட்டத்தை நம்பிக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அதற்குப் புது வீட்டை, அதை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் தேடுங்கள். லீவுக்கு வந்து அதோடு விளையாடும் அக்கா பிள்ளைகள், வாக்கிங்கில் தினம் தடவிக்கொடுக்கும் ரிட்டயர்டு மாமா, அதற்கு ஊசி போடும் டாக்டருக்குத் தெரிந்தவர்களில் சமீபத்தில் தன் நாயைப் பறிகொடுத்தவர். வாட்ஸ்அப்பில் போடுவதானால் கருத்தடை செய்துவிட்டுப் போடுங்கள். "பெண் லாப்ரடார், இலவசம்" என்றால் முதலில் போன் செய்வது குட்டி வியாபாரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வருடத்துக்கு இரண்டு ஈற்று எடுத்து, தேய்ந்ததும் அவரே தெருவில் விடுவார். "கருத்தடை ஆயிடுச்சு" என்ற ஒரே வரியில் அவர் போனை வைத்துவிடுவார். மற்றவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போங்கள். சொந்த வீடா வாடகையா, வீட்டு ஓனர் ஒத்துக்கொண்டாரா, பகலில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நிதானமாகக் கேளுங்கள். நாய்க்குள்ள குறைகளை மறைக்காதீர்கள். குழந்தையைப் பார்த்து உறுமும் என்றால் அதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் திரும்பி வரும்.

பன்னிரண்டு வயதான, சிறுநீரகம் கெட்ட நாயைப் புதிதாக யாரும் எடுக்க மாட்டார்கள். அதன் வலி மருந்துக்கு அடங்காத நிலை என்றால் டாக்டரிடம் நேரடியாகப் பேசுங்கள். மடியில் வைத்துக்கொண்டு வழியனுப்பலாம். நல்ல உடம்போடு இருக்கும் நாய்க்கு, செலவைக் காரணம் காட்டிக் கருணைக்கொலை ஊசியைக் கேட்காதீர்கள். மனசாட்சியுள்ள டாக்டர் போட மாட்டார்.

நாய், பூனை தவிர மற்றவற்றுக்கும் ஒரு வார்த்தை. லவ் பேர்ட்ஸை ஜன்னலைத் திறந்து பறக்கவிட்டால் சாயங்காலத்துக்குள் காக்கை கொத்திவிடும். சிவப்புக் காது ஆமையையும், தொட்டியைச் சுத்தம் செய்யும் சக்கர் மீனையும் ஏரியில் விட்டால் அவை பிழைத்துக்கொள்ளும், ஏரிதான் பிழைக்காது. விற்ற கடையிலோ மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுங்கள். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கவே கூடாதவை, வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

கொடுக்கிற அன்று தடுப்பூசிப் புத்தகம், அது படுக்கும் துவைக்காத துணி, ஒரு வாரச் சாப்பாடு, அதற்குப் புரியும் வார்த்தைகள் என்னென்ன என்று எழுதிய ஒரு தாள், இவ்வளவும் கூடப் போகட்டும். மாநகராட்சி உரிமமும் சிப்பும் இருந்தால் அதில் உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். முதல் பத்து நாள் கயிறில்லாமல் வெளியே விட வேண்டாமென்று சொல்லிவையுங்கள். பழைய வீட்டைத் தேடி ஓடும். தீபாவளி நெருங்கினால், கடன் வாங்கியாவது அது கழியும்வரை உங்களிடமே வைத்திருங்கள். புது வீட்டில் முதல் சரவெடிக்கே கேட்டைத் தாண்டிவிடும்.