கிட்டங்கிக் கரை

சிங்கப்பூர் ஆறு சுமார் 3 கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஊரின் வணிகமே அதன் கரையில்தான் நடந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசியும் ரப்பரும் மிளகும் தொங்கான் என்ற சரக்குப் படகுகளில் ஏறி, போட் கீ, கிளார்க் கீ படகுத்துறைகளில் இறங்கும். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒற்றைப் பலகை. மூட்டை தூக்கி அதில் நடந்து வருபவருக்கு, மூட்டைக்கு ஒன்றாக மூங்கில் குச்சி கொடுப்பார்கள். கடைசியில் குச்சிகளை எண்ணிக் கூலி. தொடக்கத்தில் இந்தப் படகுத் தொழிலில் ஓங்கியிருந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து போன சூலியாக்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது சீனர் கைக்கு மாறியது. பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித்தொழில் நடந்த கூடங்கள்) இருந்தன.

சரக்கோடு நாற்றமும் சேர்ந்தது. பன்றிப் பண்ணைக் கழிவு, தெருக்கடை எச்சில், குடிசைச் சாக்கடை, படகு எண்ணெய் எல்லாம் ஆற்றில்தான். 1972இல் தஞ்சோங் பகாரில் கன்டெய்னர் முனையம் வந்ததும் தொங்கான்களின் பிழைப்பும் தேயத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும், தெருக்கடைகள் உணவங்காடிகளுக்கும் மாற்றப்பட்டன. 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆறு தெளிந்தது, கரை வெறிச்சோடியது.

போட் கீயின் பழைய கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. கிளார்க் கீ கிடங்குகள் 1993இல் உணவகங்களாகவும் கடைகளாகவும் திறந்தன. ஆற்றில் இன்னும் மேலே, ராபர்ட்சன் கீயில் ஹோட்டல்களும் குடியிருப்புகளும். வாடகையைக் கேட்டால் அந்தக்கால முதலாளியே மயங்கி விழுவார்! ஆற்றின் மேலுள்ள கேவனா பாலத்தில் மட்டும், மாடும் குதிரையும் ஏறக் கூடாது என்ற பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் நிற்கிறது.

கட்டடம் தப்பியது, தொழில் தப்பவில்லை. கிட்டங்கிகள் இடிபட்டுவிட்டன; செட்டியார் ஆற்றோரம் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். நாலு தொங்கான்களுக்காவது அங்கே உண்மையான வேலை கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். சுற்றுலாப் படகு அதற்கு ஈடாகாது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல ஊர்களில் முதலில் நடைபாதை, நீரூற்று, வண்ண விளக்கு; சாக்கடை அப்படியே ஓடும். இங்கே கக்கூசும் கழிவுநீர்க் குழாயும் முதலில் வந்தன, மதுக்கடை கடைசியில். 2008இல் ஆறு கலக்கும் விரிகுடாவைக் கடலிலிருந்து மரினா தடுப்பணை பிரித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த அந்த ஆறு இன்று குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி.