மருதானையில் அறை, மஹரகமவில் சிகிச்சை

கொழும்புப் பயணம் என்றாலே நம் கிழக்கு மாகாண மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருதானைதான். மட்டக்களப்பு ரயிலில் வந்து அங்கேயே இறங்கலாம். பள்ளிவாசல் பக்கத்தில், ஹலால் சாப்பாட்டுக்கு அலையத் தேவையில்லை, லொட்ஜும் கைக்கு எட்டும் விலை. தேசிய வைத்தியசாலையிலோ கண் வைத்தியசாலையிலோ கிளினிக் என்றால் அதைவிட வசதியான இடமில்லை.

ஆனால் உம்மாவுக்குச் சிகிச்சை மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில். நாங்களோ பழக்கத்தில் மருதானையில் அறை எடுத்துவிட்டோம்.

கதிர்வீச்சு சிகிச்சை ஒருநாள் வேலையல்ல. பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் தொடரும். மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காகத் தினமும், உட்கார இடம் பிடிக்கவென்று புறக்கோட்டைக்கு ஓட்டோவில் போய், 138 பஸ் ஏறி, ஹைலெவல் வீதியால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். திரும்பும்போது உச்சி வெயில். வாந்தி வந்தால் என்ற பயத்தில் உம்மா சொப்பிங் பேக் ஒன்றைக் கையிலேயே வைத்திருப்பார். இரண்டாம் வாரம் சொன்னார்: "கரண்ட் பிடிக்கிறதத் தாங்கலாம் மகன், இந்த பஸ்ஸத்தான் தாங்க ஏலாது."

நாம் இடம் தேடும்போது சாப்பாடு, பள்ளிவாசல், தெரிந்தவர் வீடு என்றுதான் பார்க்கிறோம். காலையில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். களுபோவில வைத்தியசாலை என்றால் தெஹிவளை போதும். அங்கும் நம்மவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அங்கிருந்து மஹரகமவுக்கும் 119 பஸ் உண்டு. பாஸ்போர்ட் அலுவல் என்றால் பத்தரமுல்லைக்குப் போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தேசிய வைத்தியசாலையில் காலை கிளினிக்கை வைத்துக்கொண்டு, வாடகை மிச்சம் என்று மஹரகமவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், அலுவலகம் போகும் கூட்டம் முழுவதும் உங்களோடுதான் கொழும்புக்குள் நுழையும். அந்த நேரத்தில் நுகேகொடையைத் தாண்டுவதே பெரும்பாடு. களனிவெளிப் பாதையில் ரயில் இருக்கிறது. நேரம் பார்த்துப் போக வேண்டும்.

மூன்றாம் வாரம் மஹரகமவில், வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் பின்னறைக்கு மாறினோம். வாடகை லொட்ஜைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அடுப்பு இருந்தது. சிகிச்சை முடிந்து பத்து நிமிடத்தில் உம்மா பாயில் சாய்ந்துவிடுவார். ளுஹருக்கு எழுந்து, தொழுதுவிட்டு, கஞ்சி கேட்பார். மருதானையில் இருந்த இரண்டு வாரமும் அவர் எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை.