மண் இன்னும் தீர்ந்துவிடவில்லை

1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் அது. அதன்பின் மருந்து நிறுவனங்கள் நாடு நாடாக மண் அள்ளின. போர்னியோ மண்ணில் வான்கோமைசின் கிடைத்தது. ஆனால் 1960-களுக்குப் பிறகு எங்கே அள்ளினாலும் தெரிந்த மருந்துகளே மறுபடி மறுபடி அகப்பட்டன. நிறுவனங்கள் மண்ணைக் கைவிட்டன.

அது அவசர முடிவு. மண் பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுதான் ஆய்வகத்து அகார் தட்டில் வளரும். அந்த ஒன்றை மட்டுமே சலித்துவிட்டு, மண்ணில் சரக்கு இல்லை என்றார்கள்.

பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டீனும் மீதியை வளர்க்க வழி கண்டார்கள். அவர்களுடைய ‘ஐசிப்’, பல நூறு நுண்துளைகள் கொண்ட சிறு தகடு. நன்றாக நீர்த்த மண் கரைசலில் அதை முக்கினால் துளைக்கு ஏறக்குறைய ஒரு பாக்டீரியா தங்கும். இருபுறமும் மெல்லிய சவ்வால் மூடி, அதே மண்ணில் புதைத்துவிடுவார்கள். சத்துகள் சவ்வு வழியே உள்ளே போகும். பாக்டீரியா வெளியே வராது. நூற்றுக்கு ஒன்றாக இருந்த விளைச்சல் ஐம்பதை நெருங்கியது. மண்ணில் ஒருமுறை பெருகியவற்றில் பல, பிறகு ஆய்வகத்திலும் வளர்ந்தன!

அப்படிக் கிடைத்த சுமார் 10,000 பாக்டீரியாக்களின் சாற்றை ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் மேல் சோதித்தார்கள். மெய்ன் மாநிலப் புல்வெளி மண்ணில் இருந்த ஒன்று நன்றாகக் கொன்றது. கொல்வது பழைய மருந்தாகவும் இருக்கலாம் அல்லவா? சாற்றைப் பிரித்து மூலக்கூறின் நிறையை அளந்தார்கள்: 1,242 டால்டன். தெரிந்த எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. டெய்க்சோபாக்டின் என்ற பெயரில் 2015 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் கொழுப்பு மூலக்கூறுகளை அது பற்றிக்கொள்கிறது. மருந்து தாக்குவது புரதத்தை என்றால், மரபணுவில் ஒரு சிறு மாற்றத்தால் கிருமி தப்பிவிடலாம். இந்தக் கொழுப்பை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. அந்த ஆய்வில் எதிர்ப்புத்திறன் பெற்ற ஸ்டஃபைலோகாக்கஸ் ஒன்றுகூடத் தோன்றவில்லை.

குறையும் உண்டு. கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் வெளிப்படலத்தை டெய்க்சோபாக்டின் தாண்டாது. இந்திய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை வாட்டுபவை அவைதாம். அவற்றைக் கொல்லும் டாரோபாக்டினை லூயிஸ் குழு 2019-இல் அறிவித்தது. அதைச் சுரப்பது, மண்ணில் வாழும் நூற்புழுவின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. இரண்டுமே இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.