மேலாண்மைக் குழுவில் நம் ஆள் யார்?

பொதட்டூர்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி, வழக்கமாக அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளைப் போல இல்லை. வேர்க்கடலையில் சுருள்பூச்சி, கரும்பில் செவ்வழுகல், திருவாலங்காடு ஆலையில் வெட்டு உத்தரவு தாமதம் என்றுதான் பள்ளிப்பட்டு வட்டாரத்திலிருந்து எழுதுவார்கள். இவர் கேட்டது வேறு. கோயம்புத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை நடத்தும் குழுவில் விவசாயிக்கும் இடம் உண்டாமே, அவரை யார் பொறுக்குகிறார்கள், எதைப் பார்த்துப் பொறுக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு வரிக் கடிதம். கேள்வி பதில் பகுதியில் நாலு வரியில் முடித்துவிடக் கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே தனியாக வருகிறது.

பொதட்டூர்பேட்டைக்கும் கோயம்புத்தூருக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கே ஒரு கூட்ட அறையில் எடுக்கும் முடிவுக்கும், இங்கே தறிச் சத்தம் கேட்கும் தெருவைத் தாண்டிக் கடலைக் கொல்லைக்குப் போகிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அத்தனையும் அந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. டி.கே.எம். 6 அங்கே பிறந்தது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதில் இருந்ததால் பிலிப்பைன்சில் உள்ள உலக நெல் ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்துக் கலப்பு செய்தது. அப்படி வந்ததுதான் ஐ.ஆர். 20. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஐ.ஆர். 20 சோறு சாப்பிடாத வீடு இருந்திருக்காது. நம் மாவட்டத்து நிலையம் ஒன்று உலகத்துக்குக் கொடுத்த கொடை அது. அதே வளாகத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையமும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது.

இப்படிப்பட்ட நிலையத்தில் பூச்சியியல் வல்லுநர் பணியிடம் காலியாக இருந்தால் நிரப்புவதா, எந்த நிலையத்துக்கு எவ்வளவு பணம், புதுக் கல்லூரி எங்கே, தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடலாமா, பல்கலைக்கழக நிலத்தை என்ன செய்வது என்பவையெல்லாம் மேலாண்மைக் குழுவின் மேசைக்கு வருகிற விஷயங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த ரகத்தை வெளியிடுவது என்பதை இந்தக் குழு முடிவு செய்வதில்லை. அதற்கு மாநில அளவில் தனியாக ரக வெளியீட்டுக் குழு உண்டு. பாடத்திட்டம் கல்விக் குழுவின் வேலை. ஆனால் ஆளும் பணமும் இல்லாமல் ரகமும் வராது, பாடமும் நடக்காது.

யார் யார் உட்காருகிறார்கள்?

1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் வளர்ந்து, 1906ஆம் ஆண்டு வாக்கில் கோயம்புத்தூருக்குப் போய், 1971 ஜூன் 1 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கென்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மேலாண்மைக் குழு அந்தச் சட்டத்தால் உருவானது. துணைவேந்தர் தலைமையில் கூடும் அந்தக் குழுவில் ஒரு பகுதி பதவி வழி உறுப்பினர்கள். அதாவது, துறைச் செயலாளர், இயக்குநர் என்று அந்தந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் தாமாகவே உறுப்பினர். இவர்களைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. நாற்காலி மாறினால் ஆள் மாறுவார்.

மறு பகுதி நியமன உறுப்பினர்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. விஞ்ஞானிகள், வேளாண் தொழில்முனைவர், முன்னோடி விவசாயிகள், சமூகப் பணியில் இருக்கும் பெண் ஆகியோர் குழுவில் இருக்க வேண்டும் என்பது அதன் யோசனை. நோக்கம் நல்லது. அதிகாரிகளும் பேராசிரியர்களும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் வயலில் நடப்பது கூட்ட அறைக்குள் வராது என்பதற்காகத்தான் இந்த இடங்கள்.

துணைவேந்தர் பதவி காலியானால் தேடல் குழு அமைக்கிறார்கள், விண்ணப்பம் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. மேலாண்மைக் குழுவின் விவசாயி இடத்துக்கு அப்படி விளம்பரம் பார்த்ததாகப் பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கம் யாரும் சொல்வதில்லை. நியமனம் முடிந்த பிறகு பெயர் தெரிகிறது. பல பேருக்கு அதுவும் தெரிவதில்லை.

தேடல் குழு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2018 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வந்த பெயர்களைத் தேடல் குழு முறையாகச் சீர்தூக்கிப் பார்க்கவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. குழு கூடியது, கையெழுத்துப் போட்டது என்பது மட்டும் சல்லடை ஆகாது.

'முன்னோடி' என்றால்?

இந்த ஒரு சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. மேடைக்கு மேடை பொன்னாடை வாங்கியவர் முன்னோடியா, ஐம்பது ஏக்கர் தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு ஊரில் இல்லாதவர் முன்னோடியா, இரண்டு ஏக்கரில் கடலைக்குப் பின் கேழ்வரகு போட்டுக் கடன் இல்லாமல் பிழைக்கிறவர் முன்னோடியா? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள சாகுபடிப் பங்குகளில் நூற்றுக்கு 86, ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் சராசரி முக்கால் ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கரைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த இடத்தில் உட்காருகிறவர் இவர்களின் கஷ்டம் தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

பட்டா யார் பெயரில் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். பட்டா சொத்தைக் காட்டும். பயிர் செய்வதை அடங்கல்தான் காட்டும். கடைசி மூன்று நாலு பசலிக்கு அடங்கலை எடுத்துப் பார்த்தால் அவர் நிலத்தில் என்ன விளைந்தது, தரிசாகக் கிடந்ததா என்று தெரிந்துவிடும். இதிலும் ஓட்டை உண்டு. குத்தகைக்கு உழுகிறவர் பெயர் பல ஊர்களில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. களை எடுப்பதிலிருந்து மூட்டை கட்டுவது வரை பார்க்கும் பெண்ணின் பெயரில் பட்டா இருப்பதும் அபூர்வம். காகிதத்தை மட்டும் நம்பினால் இந்த இரண்டு தரப்பும் வாசலிலேயே நின்றுவிடும். அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடன் ரசீது, ஆலைக்குக் கரும்பு அனுப்பிய சீட்டு, பக்கத்து நிலத்துக்காரரின் சொல் இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஆதாய முரண். இது ஆளின் நேர்மையைச் சந்தேகப்படுவது அல்ல. விதைக் கம்பெனிக்கு மாவட்ட ஏஜென்சி எடுத்திருப்பவர், பல்கலைக்கழகம் விதை உரிமத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற தீர்மானத்தில் எந்தப் பக்கம் கை தூக்குவார்? பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் வேளாண் கல்லூரிகள் இன்று நிறைய. அப்படி ஒரு கல்லூரியில் பங்கு வைத்திருப்பவர், கட்டணமும் இணைப்பும் பேசப்படும் அறையில் எப்படி நடுநிலையாக இருப்பார்? மருந்துக் கடை, கட்டுமான ஒப்பந்தம், பணி நியமனத்துக்குக் காத்திருக்கும் மகனோ மருமகளோ என்று எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பொருள் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் தன் மச்சானுக்குக் கடன் போடும் நாளில் இயக்குநர் பேசாமல் இருப்பதே மரியாதை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே நியாயம்தான்.

படிப்பைப் பற்றியும் கேட்பார்கள். பட்டம் தேவையில்லை. ஆனால் கூட்டத்துக்கு வரும் கோப்பு தடியாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாத பக்கத்தை நிறுத்தி, தமிழில் சொல்லுங்கள் ஐயா என்று கேட்கும் தைரியம் வேண்டும். அது இல்லாதவர் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பயணப்படி வாங்கிக்கொண்டு வருவார். பழைய பொறுப்புகளில் அவர் எத்தனை கூட்டத்துக்குப் போனார், என்ன பேசினார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது பாராட்டுப் பத்திரங்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. கோதுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் படித்த இடம் அது. அதன் ஆட்சிக் குழுவில் 12 பேர். மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது, பதவிக் காலம் 6 ஆண்டு. 1988இல் அந்த மாநிலம், பெயர்களை ஆராய்வதற்கென்றே 24 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றைச் சட்டப்படி அமைத்தது. விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம். குழு நேர்காணல் நடத்தி, ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது 2, அதிகபட்சம் 4 பெயர்களைப் பரிந்துரைக்கும். சட்டமன்றம் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கேயும் அரசியல் புகாமல் இல்லை. ஆனாலும் யார் யார் கேட்டார்கள், யாரை எதற்காகப் பரிந்துரைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

இங்கிருந்து என்ன செய்யலாம்?

கோயம்புத்தூர் குழுவுக்கு நேராகப் போவது கடினம். படிகள் கீழே இருக்கின்றன. திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு, அதில் விவசாயிகள் இருக்கிறார்கள். ஆத்மா திட்டத்தில் வட்டார அளவில் விவசாயிகள் ஆலோசனைக் குழு உண்டு. இவற்றில் பள்ளிப்பட்டு வட்டாரத்துக்காரர் யார் என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டாலே சொல்வார்கள். சொல்ல வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், நியமனத்துக்கு முன் பெயர்களை மாவட்டங்களில் கேட்டு அனுப்புங்கள் என்று மனு கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தால் கோப்பில் போகும். பத்துக் கிராமத்துக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் பதில் எழுத வேண்டி வரும்.

வாசகரின் நேரடிக் கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005 வழி விடுகிறது. அதன் 4ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள வாரியங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க முடியுமா என்பதை ஒவ்வொரு பொது அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிட்டது போதவில்லை என்றால் வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் என்று விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமும் இல்லை.

நீட்டி முழக்க வேண்டாம். இப்போதைய மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் யார், எந்தப் பிரிவின் கீழ்? விவசாயி இடத்துக்குக் கடைசியாக நியமனம் செய்த ஆணையின் நகல். அந்த இடத்துக்குப் பரிசீலித்த பெயர்கள் எத்தனை, என்ன அளவுகோல்? கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டத் தேதிகளும் உறுப்பினர் வருகை விவரமும். இவ்வளவுதான். வீட்டு முகவரி, சொந்த வரவு செலவு என்று கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று மறுத்து, மற்றதையும் சேர்த்து இழுத்தடிக்க இடம் கொடுத்ததாகும். நியமன ஆணையும் பரிசீலனைக் கோப்பும் பல்கலைக்கழகத்தில் இல்லாமல் தலைமைச் செயலகத்து வேளாண்மைத் துறையில் இருந்தால், மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.