'நேஷனாலிட்டி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பள்ளி விண்ணப்பமோ, விசா படிவமோ, வங்கிக் கணக்கோ, எதை நிரப்பினாலும் 'நேஷனாலிட்டி' என்ற கட்டம் வந்துவிடுகிறது. அதில் 'முஸ்லிம்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. 'தமிழ்' என்று எழுதுபவர்களும் உண்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. யாரும் நமக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டம் கேட்பது மார்க்கத்தையோ மொழியையோ அல்ல. நீங்கள் எந்த நாட்டுக்குரியவர் என்பதை மட்டுமே. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் 'இந்தியன்' என்று எழுத வேண்டும். 'கன்ட்ரி' என்று கேட்டால்தான் 'இந்தியா'.

'சிட்டிசன்', 'நேஷனல்' இரண்டும் அன்றாடப் பேச்சில் ஒன்றுதான். சட்டத்தில் சில இடங்களில் பிரியும். அமெரிக்க சமோவா தீவுகளில் பிறந்தவர், அந்தப் பிறப்பால் மட்டும் அமெரிக்காவின் 'நேஷனல்' ஆகிறார், 'சிட்டிசன்' ஆவதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடைக்கும்; அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது.

'ரெசிடென்ட்' என்றால் வசிப்பவர். சவூதியில் முப்பது வருடம் இகாமாவைப் புதுப்பித்துக் கொண்டே இருந்தாலும் அவர் அங்கே ரெசிடென்ட்தான். சிங்கப்பூரில் நிரந்தரவாசிக்கு நீல அடையாள அட்டை, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. நிறமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

நம்மை அதிகம் குழப்புவது என்.ஆர்.ஐ.யும் ஓ.சி.ஐ.யும்தான். என்.ஆர்.ஐ. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, நேரில் வந்து ஓட்டும் போடலாம். ஓ.சி.ஐ. என்ற பெயரில் 'சிட்டிசன்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அவர் வேறு நாட்டுக் குடிமகன். விசா இல்லாமல் வரலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது.

வெளிநாட்டில் குழந்தை பெறும் குடும்பங்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 'பை பர்த்' என்றால் மண்ணில் பிறந்ததால் வரும் குடியுரிமை. 'பை டிசென்ட்' என்றால் பெற்றோர் வழியாக வருவது. துபாயிலோ தம்மாமிலோ இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பிந்தியதுதான் வழி. அதற்காக, பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். மருத்துவமனையும் உள்ளூர் அரசும் தரும் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அது பிள்ளை எங்கே பிறந்தது என்பதைத்தான் சொல்லும்.

'ரேஸ்', 'எத்னிசிட்டி' வேறு கணக்கு. சிங்கப்பூர் குடிமகனான தமிழ் முஸ்லிம் ஒருவருக்கு 'ரேஸ்' கட்டத்தில் 'இந்தியன்', நேஷனாலிட்டி கட்டத்தில் 'சிங்கப்பூரியன்' என்று இருக்கும். ஒரே சொல், இங்கே நாட்டைக் குறிக்கிறது, அங்கே இனத்தை. இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் மக்கள்தொகைக் கணக்கில் 'மூர்' என்ற தனி இனமாகவே வருகிறார்கள். போர்ச்சுகீசியர் ஸ்பெயின், மொராக்கோ முஸ்லிம்களை அழைத்த பெயரை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். அது அரசு ஏட்டில் நிலைத்துவிட்டது.

பேச்சில் வரும் சில தவறுகளையும் சொல்லிவிடலாம். 'அரப்' என்றால் ஆள், 'அராபிக்' என்றால் மொழி, 'அரேபியன்' என்பது கடலுக்கும் குதிரைக்கும். ஆப்கானிஸ்தான்காரர் 'ஆப்கான்', 'ஆப்கானி' என்றால் அவர்கள் நாட்டு நாணயம். ஆளைச் சொல்லும்போது 'முஸ்லிம்', கலை, வங்கி, நாட்காட்டி போன்றவற்றுக்கு 'இஸ்லாமிக்'. 'இஸ்லாமிக் மேன்' என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் காலப் பத்திரங்களில் நம் முன்னோர் 'முகமதன்' என்று எழுதப்பட்டிருப்பார்கள். வணங்குவது அல்லாஹ்வை மட்டும் என்றிருக்க, நபியின் பெயரால் மார்க்கத்தை அழைப்பது பொருந்தாது என்பதால் அந்தச் சொல் மெல்ல விலகியது. அலிகரின் முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி, 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆனது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கால்பந்து கழகம் மட்டும் 1891இல் வைத்த பெயரோடு இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.